கல்வெட்டுப் படத்தில் இரண்டு எழுத்தை மாற்றிவிட்டார்கள்: படமே அதைக் காட்டிக்கொடுக்க வழி உண்டா?

கல்லெழுத்து, மேலூர்

வணக்கம். நானும் இன்னும் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலூர்ப் பக்கம் கல்வெட்டு தேடிப் போகிறவர்கள். கண்மாய்க் கரை, மடைத்தூண், குன்றுச் சரிவு என்று எழுத்து தென்படுகிற இடத்தில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்புவோம்.

ஒரு மடைத்தூணில் எட்டு வரி வட்டெழுத்து கிடைத்தது. படத்தை எங்கள் குழுவில் போட்டோம். மூன்று வாரம் கழித்து அதே படம் வேறொரு குழு வழியாக எனக்கே திரும்பி வந்தது, ஏழாவது வரியில் இரண்டு எழுத்து மாறி. மடை வைத்துக் கொடுத்தவரின் ஊர்ப் பெயர் வருகிற வரி அது.

கண்டுபிடித்தது நிழலால்தான். நாங்கள் எடுத்தது காலை ஏழரை மணிக்கு, வெயில் இடப்பக்கம். வெட்டிய பள்ளத்தில் இடப்பக்கச் சுவர் இருட்டாகவும் வலப்பக்கச் சுவர் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். அந்த இரண்டு எழுத்தில் மட்டும் நிழல் வலப்பக்கம் கிடந்தது. வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

மூலப் படம் என்னிடம் இருந்ததால் தப்பித்தோம். எல்லாப் படத்துக்கும் இப்படி இருக்காது. எங்களில் ஒருவருடைய போன் கண்மாயில் விழுந்து நாற்பது படம் போய்விட்டது; வாட்ஸ்அப் பிரதிதான் மிச்சம். அதில் இரண்டு கல் சாலை அகலப்படுத்தியபோது இடத்திலேயே இல்லாமல் போயின. இனி அந்தப் படம்தான் கல்.

எந்த இடத்தில் கை வைத்தார்கள் என்று படமே சொல்லும்படி முன்கூட்டி ஏதாவது செய்து வைக்க முடியுமா? அங்கே முன்னால் என்ன இருந்தது என்பதையும் அது திருப்பித் தருமா?

சிம்மக்கல் ஸ்டுடியோ

வாட்டர்மார்க் என்றால் நாங்கள் கல்யாண போட்டோவில் மூலையில் போடுகிற ஸ்டுடியோ பெயர்தான் எனக்குத் தெரியும். அதை ஒரு நிமிடத்தில் வெட்டி எறிந்துவிடுவார்கள். நடுவில் போட்டால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கும் தேவை இருக்கிறது.

வைகைக்கரை

பட ஆய்வு என் துறை. அண்ணன் கேட்டதற்கு வழி உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஆட்கள் உழைத்திருக்கிற விஷயம். ஸ்டுடியோ பெயர் கண்ணுக்குத் தெரிகிற குறி. இது கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி, அதிலும் வேண்டுமென்றே எளிதில் உடையும்படி செய்த குறி. பத்திரத்தில் அரக்கு முத்திரை வைக்கிற மாதிரி. உடைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஒரு எண், அதாவது எட்டு பிட் (0 அல்லது 1 என்று எட்டு இலக்கம்). ஒரு புள்ளி 173 என்றால் உள்ளே 10101101 என்று இருக்கும். கடைசி இரண்டு பிட்டை 10 என்று மாற்றினால் 174. 173-க்கும் 174-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பார்க்காது. அந்தக் கடைசி பிட்டுகள் எல்லாமே நமக்குக் காலி இடம்.

உங்கள் போன் படம் 4000-க்கு 3000 என்றால், எட்டுக்கு எட்டு கட்டமாகப் பிரித்தால் 1,87,500 கட்டம் வரும். ஒரு கட்டத்தில் 64 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பிட், ஆக 128 பிட் இடம். இதில் இரண்டு சாமான் வைக்கலாம்.

ஒன்று, சோதனை எண். அந்தக் கட்டத்துப் புள்ளிகளின் முதல் ஆறு பிட்டுகளையும் உங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டது. யாராவது அந்தக் கட்டத்தில் கை வைத்தால் கணக்கு ஒத்துவராது. இதற்கு 28 பிட் ஒதுக்கினால், மாற்றிய கட்டம் தற்செயலாகக் கணக்கில் தப்ப வாய்ப்பு ஏறக்குறைய 27 கோடியில் ஒன்று.

இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மீதி 100 பிட்டில் *வேறொரு* கட்டத்தின் சுருக்கமான சாயலை எழுதி வைப்பது. ஏழாவது வரியில் இருக்கிற கட்டத்தின் சாயல் படத்தின் கீழ் மூலையில், வெறும் பாறை இருக்கிற கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். ஏழாவது வரியை ஒருவர் அழித்தால் பாறைக்குள்ளிருந்து அதை எடுத்து நிரப்பலாம். ஜெசிக்கா ஃப்ரிட்ரிச்சும் மிரோஸ்லாவ் கோல்யனும் 1999-இல் இந்த யோசனையைச் செய்து காட்டினார்கள். கட்டத்தை ஜேபெக் செய்வது போலவே டிசிடி கணக்கில் (புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை அலைகளாகப் பிரித்து எண்ணாக்கும் கணக்கு) சுருக்கி, தூரத்துக் கட்டத்தின் கடைசி பிட்டுகளில் வைத்தார்கள். பின்னால் வந்த முறைகளில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகள்தான்.

ஏற்கெனவே மாற்றப்பட்ட உங்கள் மடைத்தூண் படத்துக்கு இது உதவாது. அதில் குறி எதுவும் போடவில்லையே. அங்கே உங்கள் நிழல்தான் சாட்சி, அது நல்ல சாட்சியும்கூட.

கல்லெழுத்து, மேலூர்

ரொம்ப நன்றி, மேடம். ஒரு சந்தேகம். ஏழாவது வரியையும் மாற்றி, கீழ்மூலைப் பாறையையும் வெட்டிவிட்டால்?

வைகைக்கரை

நல்ல கேள்வி. இந்தத் துறையில் பாதி ஆராய்ச்சி அந்த ஒரு கேள்விக்குத்தான்.

சாயல் எங்கே போகிறது என்பதைச் சாவிதான் முடிவு செய்யும், வெளி ஆளுக்குத் தெரியாது. ஆனாலும் தற்செயலாக இரண்டும் அழியலாம். படத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒருவர் அழித்தார் என்று வையுங்கள். அழிந்த கட்டங்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சாயல் இருந்த இடமும் சேர்ந்து போயிருக்கும். அந்த ஓட்டைகளை நிரப்ப வழியில்லை. ஒரே சாயலை இரண்டு இடத்தில் வைத்தால் இரண்டும் போக வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று. 2008-இல் டியன்-யூ லீ, ஷின்ஃபெங் லின் இருவரும் செய்தது இதுதான். ஆனால் இடம் அதேதான் என்பதால் இரண்டு பிரதி வைத்தால் ஒவ்வொன்றும் பாதியாகச் சுருங்கும். பிற்பாடு வந்தவர்கள் எல்லாக் கட்டத்தின் சாயலையும் ஒன்றாகக் கலந்து படம் முழுக்கத் தூவினார்கள். கொஞ்சம் போனாலும் மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டு மீட்கலாம்.

தமிழாசிரியர், திருமங்கலம்

கணினி எனக்குத் தூரம். ஆனால் இதைப் படித்ததும் மனதில் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றைச் சேர்ந்தவை என்று கருதப்படும் சில பாடல்கள் தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் கிடைத்தன. ஓலை போனது, பாட்டின் ஒரு பகுதி வேறொரு நூலுக்குள் இருந்தது. நீங்கள் சொல்கிற பாறைக்குள் ஒளித்த ஏழாவது வரி எனக்கு அப்படித்தான் படுகிறது.

அதே நூலின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்தது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். இடையில் ஒருவர் தன் பாட்டைச் செருகினால் இரண்டு பக்கமும் தொடை அறுந்து தெரிந்துவிடும். கட்டங்களையும் அப்படிக் கோக்க முடியாதா?

வைகைக்கரை

ஐயா, கோக்க முடியும். கோக்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது.

முதலில் வந்த முறைகளில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தன்னை மட்டும் சரிபார்த்துக்கொண்டது. 2000-இல் ஹாலிமன், மேமன் என்ற இருவர் அதில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார்கள். ஒரே சாவியில் குறி போட்ட படங்கள் நிறையக் கையில் இருந்தால், அவற்றிலிருந்து கட்டங்களைப் பொறுக்கி ஒட்டிப் புதுப் படமே செய்யலாம். ஒவ்வொரு கட்டமும் அசல் என்பதால் சோதனையில் எல்லாம் தேறிவிடும், படம் மட்டும் பொய். ஐந்நூறு கல்வெட்டுப் படத்துக்கு ஒரே சாவி போடுகிற உங்கள் குழுவுக்கு நேரடியான ஆபத்து இதுதான்.

மருந்து நீங்கள் சொன்ன அந்தாதிதான். கட்டத்தின் சோதனை எண்ணைக் கணக்கிடும்போது பக்கத்துக் கட்டத்தையும், இந்தக் கட்டம் எத்தனையாவது என்பதையும், படத்தின் வரிசை எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வேறு படத்துக் கட்டம் இங்கே உட்காராது. இனி வகுப்பில் நான் இதை உங்கள் உவமையோடுதான் சொல்லப்போகிறேன்.

சோழவந்தான் தம்பி

பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து பைதானில் எழுதிப் பார்த்தேன். அந்த 2008 முறை. இரண்டுக்கு இரண்டு கட்டம், புள்ளிக்குக் கடைசி மூன்று பிட், மொத்தம் 12 பிட். அதில் இரண்டு வேறு கட்டங்களின் சராசரி, ஆளுக்கு 5 பிட். மீதி 2 பிட் சோதனைக்கு. இரண்டே பிட் என்பதால் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தால் தப்பிவிடுகிறது, அக்கம்பக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் படத்தில் போட்டேன். மேல் இரண்டு நிலையைத் தூரிகையால் அழித்து வானத்தை இழுத்துவிட்டேன். மீட்டபோது கோபுரம் எழுந்து வந்தது! கூடத்தில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சுதைச் சிற்பங்கள் மெழுகு உருகின மாதிரி இருக்கின்றன. உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பித் திரும்ப வாங்கினேன். சோதித்தால் படம் முழுக்கச் சிவப்பு. ஒரு கட்டம்கூடத் தேறவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

வைகைக்கரை

தம்பி, நீங்கள் எதுவும் தப்பு செய்யவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சின்னதாக்கி மறுபடி ஜேபெக்காகச் சுருக்குகிறது. ஜேபெக் முதலில் தூக்கி எறிவதே கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத்தான். நம் குறி குடியிருக்கிற இடமும் அதுதான்.

மூன்று பிட் எடுத்ததில் இன்னொன்றையும் கவனியுங்கள். குறி போட்ட படம் மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை டெசிபெலில் அளப்போம், எண் கூடினால் தரம் கூடுதல். ஒரு பிட் மாற்றினால் சுமார் 51 டெசிபெல், இரண்டுக்கு 44, மூன்றுக்கு 38. கல் பரப்பில் 38 தெரியாது. ஆனால் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள வெறும் வானத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பொடிப் பொடியாகத் தெரியும்.

சோழவந்தான் தம்பி

பார்த்தேன் அக்கா, தெரிகிறது. ஜேபெக்கைத் தாங்குகிற குறி இல்லையா?

வைகைக்கரை

பாதி உடையும் குறி என்று ஒரு வகை உண்டு. சுருக்கினால் தாங்கும், உள்ளடக்கத்தை மாற்றினால் உடையும். லின், சாங் இருவரும் 2001-இல் அழகான ஒரு உண்மையைப் பிடித்தார்கள். இரண்டு கட்டங்களில் ஒரே இடத்து டிசிடி எண்களை ஒப்பிட்டால், எது பெரியது என்பது ஜேபெக் சுருக்கத்துக்குப் பிறகும் தலைகீழாவதில்லை. மிஞ்சினால் இரண்டும் சமமாகும். அந்தப் பெரியது சிறியது உறவையே சாட்சியாக வைத்தார்கள். ஆனால் அளவைச் சின்னதாக்கினால் கட்டங்களே இடம் மாறிவிடும், அப்போது உறவும் போய்விடும். தாங்கும் சக்தி கூடக்கூட, மீட்கிற சாயலுக்கு இடமும் குறையும்.

சிம்மக்கல் ஸ்டுடியோ

அனுப்புகிற விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், தினமும் செய்கிற வேலை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். ஆல்பம் டிசைனருக்கு நாங்கள் அப்படித்தான் அனுப்புகிறோம். பிஎன்ஜி அல்லது டிஃப்பாக வையுங்கள். குறி போட்ட பிறகு ஜேபெக்காகச் சேமித்தால் நீங்களே அழித்த மாதிரி.

கேமராவிலேயே இதைச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். கம்பெனிகள் முயற்சி செய்திருக்கின்றன. கேனான், நிக்கான் இரண்டும் படம் மாறவில்லை என்று காட்டும் வசதியை உயர்ரகக் கேமராக்களில் வைத்திருந்தன. எல்காம்சாஃப்ட் என்ற ரஷ்ய நிறுவனம் 2010-இல் கேனானுடையதையும் 2011-இல் நிக்கானுடையதையும் உடைத்துக் காட்டியது. சாவி கேமராவுக்குள்ளேயே இருந்தது, அதை வெளியே எடுத்துவிட்டார்கள். இப்போது சி2பிஏ என்ற பொதுத்தரம் இருக்கிறது, படம் எங்கிருந்து வந்தது என்பதைப் பதிவு செய்ய 2021-இல் தொடங்கிய கூட்டமைப்பு உருவாக்கியது. அதை உள்ளே வைத்து வந்த முதல் கேமரா 2023 அக்டோபரில் வந்த லைகா எம்11-பி. அது படத்தோடு கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை இணைக்கிற முறை. அழிந்ததை மீட்டுத் தராது.

ஒத்தக்கடை வக்கீல்

மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். நிலம், கண்மாய்ப் பாத்தியதை வழக்குகளில் போட்டோ தாக்கல் செய்வது வழக்கம் என்பதால் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியமம் நடைமுறையில் இருக்கிறது. முன்பு 65பி என்று சொன்னது இப்போது பிரிவு 63. மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது அதோடு தரும் சான்றிதழின் படிவத்தில் ஃபைலின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். ஷா-256 என்ற ஹாஷ் கணக்கைப் போட்டால் 64 எழுத்துகளில் ஒரு கைரேகை மாதிரி வரும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அது முழுக்க வேறாகிவிடும்.

மேடம் சொன்ன முறையில், குறி போடும்போதே நீங்கள் படத்தின் கடைசி பிட்டுகளை மாற்றிவிடுகிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இந்தப் படத்தில் இவர்களே ஒவ்வொரு புள்ளியிலும் கை வைத்திருக்கிறார்கள்" என்பார். அது பொய்யும் இல்லை. ஆகவே போனிலிருந்து வந்த மூலத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். எடுத்த அன்றே ஹாஷ் போட்டு நோட்டில் எழுதி, இருவர் கையெழுத்திடுங்கள். குறி போட்டது ஊருக்குக் கொடுக்கிற பிரதியாக இருக்கட்டும்.

வைகைக்கரை

வக்கீல் சார் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஹாஷ் ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லும். நீர்க்குறி *எங்கே* என்று சொல்லும். மடைத்தூண் விவகாரத்தில் ஊர்க்காரர்கள் முன்னால் உங்களுக்குத் தேவைப்பட்டது அந்த எங்கே. குறியை எடுத்தால் மூலம் ஒரு பிட் குறையாமல் திரும்பக் கிடைக்கிற முறைகளும் உண்டு. ஸ்கேன், எக்ஸ்ரே படங்களுக்காக அதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆனால் அவற்றில் கிடைக்கிற இடம் குறைவு, உங்களுக்கு இரண்டு பிரதி வைப்பதே எளிது.

தமிழாசிரியர், திருமங்கலம்

சோழவந்தான் தம்பி சொன்ன மெழுகு முகம் என் மனதை விட்டுப் போகவில்லை.

மாங்குளம் குன்றின் தமிழி எழுத்துகளை ராபர்ட் சிவெல் 1882-இல் கண்டார். அதில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது என்று ஐராவதம் மகாதேவன் வாசித்துச் சொன்னது 1960-களில். இடையில் எண்பது வருடத்துக்கு மேல். அத்தனை பேர் பார்த்த கல்லிலேயே ஒரு கோடு எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் யகரமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். உளிக் கோட்டின் ஒரு சின்னத் திருப்பம்தான் வித்தியாசம். நாலு புள்ளியைச் சராசரி செய்து எடுத்த சாயலில் அந்தத் திருப்பம் மிஞ்சுமா? மீட்ட படத்தை வைத்து ஒருவர் எழுத்தை வாசிக்க ஆரம்பித்தால், திருடன் செய்த வேலையை இயந்திரமே செய்ததாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

வைகைக்கரை

ஐயா, நீங்கள் சொன்னது எங்கள் துறையில் பலர் வசதியாக விட்டுவிடுகிற இடம். கட்டுரைகளில் மீட்ட படத்துக்கு இத்தனை டெசிபெல் என்று எண் போட்டு முடித்துவிடுவோம். அந்த எண் படம் முழுக்கச் சராசரி. வகரமா யகரமா என்பது அந்தச் சராசரியில் காணாமல் போகும்.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். குறி "இங்கே கை வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் அதை முழுதாக நம்புங்கள். அது திருப்பித் தரும் உருவத்தைத் தடயமாக மட்டும் வையுங்கள்: இங்கே ஆறு எழுத்து இருந்தது, ஐந்து அல்ல; மூன்றாவதற்கு மேலே ஒரு வளைவு இருந்தது. அதைத் தாண்டி வாசிக்கக் கூடாது. இன்னொன்றும் செய்யலாம். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவு சாயல் கொடுக்காமல், எழுத்து இருக்கிற கட்டத்துக்கு அதிக பிட்டும் வெறும் பாறைக்கு மிகக் குறைவாகவும் ஒதுக்கலாம். அப்போது மெழுகு கொஞ்சம் இறுகும். முகம் முழுதாக வராது.

சோழவந்தான் தம்பி

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நிரலில் ஒன்று மாற்றியிருக்கிறேன். மீட்ட கட்டங்களைப் படத்தின் நிறத்திலேயே நிரப்பாமல் வெளிர் நீலத்தில் காட்டும்படி செய்தேன். மீட்கவே முடியாதவை வெறும் வெள்ளை. யார் பார்த்தாலும் எது கல், எது சாயல், எது ஓட்டை என்று ஒரே பார்வையில் தெரியும். நீலத்தை எடுத்துவிட்டுச் சேமிக்கிற வழியை நான் கொடுக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தோடு கோக்கிற அந்தாதிப் பகுதியை இந்த வாரம் எழுதுகிறேன் அக்கா, முடிந்ததும் நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை

கட்டாயம் பார்க்கிறேன். சாவியை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள், அதை மட்டும் இப்போதே மாற்றுங்கள்.

கல்லெழுத்து, மேலூர்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மடைத்தூணுக்குத் திரும்பப் போய்வந்தோம். இந்தத் தடவை படம் மட்டும் போதாது என்று, தெரிந்த ஒரு பெரியவரை அழைத்துப் போய் மைப்படியும் எடுத்தோம். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றியபோது ஏழாவது வரி வெள்ளையாக எழுந்து வந்தது. அந்த இரண்டு எழுத்தும் எங்கள் மூலப் படத்தில் இருந்தபடியே இருக்கின்றன. மாற்றிய படத்தை நம்பிய ஊர்க்காரர் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் தாள் காயும்வரை உட்கார்ந்திருந்தார்.

நோட்டு ஒன்று வாங்கி, அன்று எடுத்த பதினோரு படத்துக்கும் ஷா-256 எழுதி, நானும் அந்த ஊர்க்காரர் ஒருவரும் கையெழுத்திட்டோம். குறி போட்ட பிரதிகள் தம்பி நிரலை முடித்த பிறகு டாக்குமென்டாக மட்டும் போகும். போனில் போன அந்த நாற்பது படத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கிறோம். கல் நிற்கிற இடங்களுக்குத் திரும்பப் போகலாம். போன இரண்டு கல்லுக்கு வாட்ஸ்அப் பிரதி மட்டும்தான். அவற்றையும் இருக்கிறபடி ஹாஷ் போட்டு, "இதுவே கிடைத்த மூலம்" என்று எழுதி வைக்கலாமா, வக்கீல் சார்?

ஒத்தக்கடை வக்கீல்

எழுதுங்கள். யார் போனிலிருந்து, என்றைக்கு, எந்தக் குழு வழியாக வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கல் நின்ற இடத்தைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.